தாத்தாவுக்கு நினைவு மலர்: ‘கொடைவள்ளல்’ என்று போடாமல் ஒரு வியாபாரியைப் பற்றி எப்படி எழுதுவது?

பண்ணைக்காட்டுப் பேத்தி எழுதியது:

வணக்கம். வரும் தை மாதம் எங்கள் தாத்தாவுக்கு வருஷத் திதி. வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் போடலாம் என்று சித்தப்பா ஆரம்பித்தார், "நீதான் எப்பப் பார்த்தாலும் எதையாவது எழுதிக்கிட்டே இருக்கியே" என்று மொத்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன், லீவு கிடைத்தால்தான் ஊருக்குப் போக முடிகிறது, அதனால் முதலில் இங்கே கேட்டு வைக்கலாம் என்று வந்தேன்.

தாத்தா கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காட்டுக்காரர். கீழே அடிவாரத்து வத்தலக்குண்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். முதலில் மலை வாழை, கூடவே ஆரஞ்சு, மிளகு, பின்னாளில் காபி. படிப்பு ஐந்தாம் வகுப்பு, ஆனால் கணக்கில் அவரை அசைக்க முடியாது. தார் எண்ணும்போது ‘ஒன்று’ என்று வாயில் வராது, ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார், அது கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வீட்டில் எங்கள் தட்டில் இட்லி வைக்கும்போதும் "லாபம், ரெண்டு, மூணு" தான். பஸ்ஸுக்குக் காசு கேட்டால்கூட நோட்டில் எங்கள் பெயரில் பற்று எழுதிவிட்டுத்தான் கொடுப்பார். ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை, எழுதாமல் கொடுத்ததும் இல்லை.

இப்போது உறவுக்காரர்கள் எழுதி அனுப்பியிருப்பதைப் பாருங்கள்: ‘ஏழைகளின் விடிவெள்ளி’, ‘கொடைவள்ளல்’, ‘சொல்லின் செல்வர்’. தாத்தா ஒரு மேடையில் ஏறி யாரும் பார்த்ததில்லை, கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவார், அவருக்கு எதற்கு சொல்லின் செல்வர்? இதையெல்லாம் அச்சில் போட்டால் யார் வீட்டுத் தாத்தாவுக்கும் பொருந்தும். எங்கள் தாத்தா அதில் இருக்க மாட்டார்.

பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அவருடைய கணக்கு நோட்டுகள் இருக்கின்றன. திறந்து பார்த்தேன், பாதி புரியவில்லை. வருஷத்துக்குப் பதில் ‘நள’, ‘பிங்கள’ என்று என்னவோ எழுதியிருக்கிறது, எடையெல்லாம் வீசை, மணங்கு, சில இடத்தில் எண்ணே தமிழ் எழுத்தில். இதிலிருந்து ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுக்க முடியுமா, இல்லை வீண் வேலையா? யாரிடமெல்லாம் போய்க் கேட்க வேண்டும்? இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் தயக்கத்தோடுதான் கேட்கிறேன். மேலே மலையில் ஒரு குடும்பம் எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வருவதில்லை, தாத்தா காரியத்துக்கும் வரவில்லை. கேட்டால் "அது அந்தக் காலத்துத் தோட்ட விவகாரம், விடு" என்கிறார்கள். அதை மலரில் தொடலாமா?

—

பேரேடு எழுதியது:

பாப்பா, வீண் வேலை இல்லை. நான் பட்டிவீரன்பட்டியில் காபி பக்குவம் பண்ணும் ஆலையிலும் அப்புறம் ஒரு மண்டியிலும் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன், அதனால் பெட்டியை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.

முதலில் நோட்டுகளை இரண்டாகப் பிரியுங்கள். அன்றன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதியிருந்தால் அது சிட்டை. ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள் பெயர் போட்டு பற்றும் வரவும் எழுதியிருந்தால் அது பேரேடு. சிட்டையில் போய் விழாதீர்கள், லாரி வாடகை, சாக்கு, டீ என்று உங்களை மூழ்கடித்துவிடும். பேரேட்டை எடுங்கள், கணக்கைப் பார்க்காமல் முதலில் பெயர்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், ஊரோடு. தாண்டிக்குடி, மங்களம்கொம்பு, பாச்சலூர், கே.சி.பட்டி என்று வரும். எந்தப் பெயர் நோட்டு நோட்டாகத் தொடர்ந்து வருகிறது, எந்தப் பெயர் ஒரு நோட்டோடு நின்றுவிட்டது என்று பாருங்கள். வியாபாரியின் குணம் அந்த இரண்டில்தான் தெரியும், தொடர்ந்தவன் ஏன் தொடர்ந்தான், நின்றவன் ஏன் நின்றான்.

வருஷப் பெயர் சுலபம். அறுபது வருஷத்துக்கு ஒரு சுற்று. இந்தச் சுற்றில் விசுவாவசு 2025 சித்திரையில் பிறந்தது என்றால் தாத்தா காலத்து விசுவாவசு 1965. நள 1976, பிங்கள 1977. சித்திரைக்குச் சித்திரை என்பதால் தை, மாசி, பங்குனி வரவுகள் அடுத்த இங்கிலீஷ் வருஷத்தில் விழும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். வீசை என்றால் ஏறக்குறைய 1.4 கிலோ, எட்டு வீசை ஒரு மணங்கு, அது 11 கிலோவுக்குச் சற்று மேல். கிலோ வந்தது 1960களின் தொடக்கத்தில், ஆனால் சட்டம் மாறியதும் கை மாறிவிடாது, வயதான கணக்குப்பிள்ளைகள் வெகுநாள் வீசையிலேயே ஓட்டினார்கள். அணா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தின நோட்டு என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ் எண்ணில் ௧ ஒன்று, ௨ இரண்டு, ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் பழகிவிடும்.

கொடைவள்ளல் விஷயத்துக்கு வருகிறேன். பேரேட்டில் ‘மகமை’ என்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். சுமைக்கு இவ்வளவு என்று பிடித்து கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எழுதி வைப்பது எங்கள் பக்கத்து வியாபாரிகள் வழக்கம், தென் மாவட்டத்தில் எத்தனையோ பள்ளிக்கூடம் அந்தக் காசில் எழுந்ததுதான், அது உயர்ந்த காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காசு கடைக்காரர் கமிஷனிலிருந்து போனதா, விவசாயியின் பட்டியலில் கமிஷன், சுமை கூலி, வாடகையோடு சேர்த்துப் பிடித்ததா என்று பாருங்கள். ரெண்டாவதுதான் என்றால், கல்வெட்டில் தாத்தா பெயர் இருந்தாலும் கொடுத்தவர்கள் பட்டியலில் மலைக்காரர்களும் இருக்கிறார்கள். அதை மலரில் ஒரு வரி எழுதினால் உங்கள் தாத்தா சிறியவராகிவிட மாட்டார்.

—

குதிரைக்காரர் மகன் எழுதியது:

எங்கப்பா தாண்டிக்குடி பக்கம் குதிரையில் வாழைத்தார் இறக்கியவர். ரோடு வராத தோட்டங்களிலிருந்து லாரி நிற்கிற இடம் வரைக்கும் குதிரைதான். தாரைச் சருகில் சுற்றி, இரண்டு பக்கமும் எடை சமமாகக் கட்ட வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் வளைவில் குதிரை நிலை தடுமாறும். மலை வாழைக்குத் தோல் தடிப்பு. பழம் கெட்டியாக இருக்கும், நீர் கம்மி, அதனால்தான் பஞ்சாமிர்தத்துக்கு அதைத்தான் கேட்பார்கள், தண்ணீரே ஊற்றாமல் நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலத்தோடு பிசைந்தால் நாள்பட நிற்கும். தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் பழனிக்கு என்று தனியாகத் தார் பார்த்து எடுப்பார்கள், அப்போது வியாபாரிகள் முகத்தில் இருக்கும் பரபரப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உங்கள் தாத்தா பழனிக்கு அனுப்பினாரா என்று பாருங்கள், அனுப்பியிருந்தால் அதுவே மலரில் ஒரு பக்கம்.

இப்போது நீங்கள் தயங்கிக் கேட்டது. எழுபதுகளில் வாழையில் முடிக்கொத்து நோய் பரவிய காலம் தெரியுமா? இலையெல்லாம் குட்டையாகி, குறுகி, உச்சியில் கொத்தாக நின்றுவிடும், தார் தள்ளாது. அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ் நோய், மருந்து கிடையாது, தோண்டி எடுத்து அழிப்பதுதான் வழி. அப்போது யாருக்கும் அது விளங்கவில்லை, நோய் உள்ள தோட்டத்துக் கன்றையே வாங்கி அடுத்த தோட்டத்தில் நட்டார்கள், அதுவும் போனது. காபிக்கு நிழலாக நின்ற வாழை மலை மலையாக அழிந்தது. பின்னால் விருப்பாட்சி, சிறுமலை மலை வாழைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று வந்தது, எல்லாம் சரி, ஆனால் அன்றைக்கு அழிந்தவன் அழிந்ததுதான்.

வியாபாரிகள் வெட்டுக்கு முன்னாலேயே முன்பணம் கொடுத்து வைத்திருப்பார்கள். கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு எல்லாம் அந்தக் கை நீட்டல்தான், பேங்க்காரன் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். தார் வராவிட்டால் அந்தப் பணம் என்ன ஆகும்? கீழே இருந்த ஒரு கடைக்காரர் எங்கள் தோட்டத்தை எழுதி வாங்கிக்கொண்டார். பெயர் வேண்டாம், அவரும் போய்விட்டார். அப்பா கையெழுத்துப் போட்ட அன்றைக்கு குதிரைக்கு மட்டும் கொள்ளு வாங்கி வந்தார், எங்களுக்கு ஒன்றும் வாங்கவில்லை. அந்தக் கடைக்காரருக்கும் அவர் பிள்ளைகள் மலர் போட்டார்கள், நல்ல வழவழப்புத் தாளில். அதில் எங்கள் மலைக்கு அவர் ‘வாழ்வளித்தார்’ என்று இருந்தது. நான் அதை வாசித்துவிட்டு மூடி வைத்தேன்.

அதனால் எழுதுங்கள். ஆனால் அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் எழுதாதீர்கள். போகும்போது மலரின் மாதிரியை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், பேரேட்டில் அவர்கள் பக்கத்தை எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்த்தால் பேசுவார்கள், சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள், உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

—

ராம்ஸ் எழுதியது:

எல்லாரும் பெரிய ஆராய்ச்சிக்கு இழுத்து விடுகிறார்கள். திதிக்கு வருகிறவர் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போவார், அவர் நாற்பது பக்கம் படிப்பாரா? நல்ல போட்டோ, பிறந்தது இறந்தது, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெயர் விடுபடாமல் வரிசையாக (ஒரு பெயர் விட்டால் பத்து வருஷம் பேச மாட்டார்கள், அதுதான் நிஜமான ஆபத்து), அப்புறம் ஒரு தேவாரம். முடிந்தது. தோட்ட விவகாரத்தை அச்சில் ஏற்றி, நாளைக்கு அந்தப் பக்கத்துப் பேரன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் இந்த அறிவுரை சொன்னவர்கள் யாரும் கோர்ட்டுக்கு வர மாட்டார்கள்.

—

குன்னூர் தைலம் எழுதியது:

ராம்ஸ் சொன்னதில் பெயர் விடுபடுகிற விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. மீதியில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அவர் சொன்ன மாதிரியே நாங்கள் போட்ட மலர் இன்றைக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு பிரதி இல்லை.

எங்கள் தாத்தா நீலகிரித் தைலம் காய்ச்சி விற்றவர். கற்பூர மரத்து இலையைக் காட்டில் பொறுக்கி மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள், ஓடைக்குப் பக்கத்தில் கொட்டகை, பெரிய அண்டாவில் இலையைத் திணித்துத் தண்ணீர் ஊற்றி மூடி, மண் பூசி, அடியில் காய்ந்த இலையையே எரித்து, ஆவி குழாய் வழியாக ஓடைத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து மறுபக்கம் சொட்டும், தண்ணீருக்கு மேலே தைலம் மிதக்கும். வேறு ஒரு மெஷினும் கிடையாது. ஊட்டிக்கு வருகிற டூரிஸ்ட் எல்லாரும் ஒரு பாட்டிலாவது வாங்குவார்கள், அதனால் கலப்படமும் அப்போதிலிருந்தே உண்டு. யாராவது வெளியிலிருந்து தைலம் கொண்டு வந்து கொடுத்தால் தாத்தா முகர்ந்து பார்க்க மாட்டார், மூக்கு ஏமாறும் என்பார். பழைய கேலண்டர் தாளைக் கிழித்து ஒரு சொட்டு விடுவார். வந்தவருக்கு டீ சொல்லி, ஊர்க்கதை பேசி, டீ குடித்து முடிந்ததும் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். நல்ல தைலம் என்றால் ஒன்றுமே இருக்காது, ஆவியாகப் போய்விடும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் வட்டமாகக் கறை நிற்கும். கறை நின்றால் திட்ட மாட்டார், அந்தத் தாளை மடித்து வந்தவர் சட்டைப்பையில் வைத்து அனுப்பிவிடுவார்.

இதை நாங்கள் மலரில் எழுதவில்லை. ‘நேர்மையின் சிகரம்’ என்று எழுதினோம். நேர்மை எல்லா மலரிலும் இருக்கிறது, கேலண்டர் தாள் அவரிடம் மட்டும்தான் இருந்தது. உங்கள் தாத்தாவின் ‘லாபம், ரெண்டு, மூணு’ அந்த மாதிரி. அது மாதிரி வேலை சம்பந்தமாக அவர் கை என்ன செய்தது, தாரைத் தட்டிப் பார்ப்பாரா, காம்பைப் பார்ப்பாரா, காபிக் கொட்டையைக் கடித்துப் பார்ப்பாரா, இதைச் சுமைக்காரர்களிடமும் டிரைவர்களிடமும் கேளுங்கள். பிள்ளைகளுக்கு அப்பாவாகத்தான் தெரியும், கடையில் அவர் யார் என்று சுமைக்காரருக்குத்தான் தெரியும்.

அவர் பட்ட நஷ்டத்தையும் விடாதீர்கள். எங்கள் மலரில் எங்கள் தாத்தா ஒரு தடவைகூடத் தோற்கவில்லை, படித்தால் அவரே சிரித்திருப்பார்.

—

பெரியகுளம் மருமகள் எழுதியது:

இவ்வளவு பேர் பேசியாயிற்று, பாட்டியிடம் கேளுங்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை பாருங்கள்.

என் மாமனார் வடுகபட்டியில் பூண்டு வியாபாரம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சியிலிருந்து மலைப்பூண்டு வரும், புகையில் வைத்துப் பக்குவம் பண்ணியது, மூட்டையைப் பிரித்தால் அந்தப் புகை வாசம் வீடு முழுக்க நிற்கும். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் சந்தை முடிந்து கடைசி பஸ்ஸை விட்டால் ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். எத்தனை பேர் என்று முன்கூட்டித் தெரியாது. மாமியார் ஒன்பது மணிக்கு மேல் உலை வைத்த நாட்களுக்குக் கணக்கே கிடையாது. அந்தச் சோற்றுக்காகத்தான் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போகாமல் எங்கள் கடைக்கு வந்தார்கள், மாமனாரே ஒத்துக்கொள்வார். ஆனால் கணக்கு நோட்டில் ‘வீட்டு வகை’ என்று ஒரே வரிதான் இருக்கும்.

அப்புறம் நகை. முதல் போட்டது யார் காசு? தை, மாசியில் கொள்முதலுக்குப் பணம் வேண்டும் என்றால் எது அடகுக்குப் போகும்? எந்த வருஷம் எந்த நகை போனது, எது திரும்பி வந்தது, எது வரவே இல்லை என்று பாட்டிகளுக்கு ஒரு பேரேடு மனசுக்குள் இருக்கும், வீசை மணங்கு குழப்பம் எல்லாம் இல்லாமல் சுத்தமாகச் சொல்வார்கள். உங்கள் பாட்டி இருக்கிறார்கள் என்றால் டிரங்குப் பெட்டியை மூடிவிட்டு முதலில் அவரிடம் உட்காருங்கள்.

—

பண்ணைக்காட்டுப் பேத்தி எழுதியது:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. ஊருக்குப் போய் வந்தேன், அதனால்தான் தாமதம்.

பெரியகுளம் அக்கா, அப்பத்தா இருக்கிறார். கேட்ட கேள்வியை முடிக்கக்கூட விடவில்லை. "கடை தொறந்தது என் அட்டிகையில. உங்க தாத்தன் தொறந்தாரு தொறந்தாருன்னு ஊரெல்லாம் சொல்லும்" என்றார். அந்த அட்டிகை திரும்பி வந்துவிட்டது, ஆனால் அதற்குப் பிறகு ஒரு ஜோடி வளையல் ஆரஞ்சு வியாபாரத்தில் போய் வரவே இல்லையாம். மலை ஆரஞ்சு மரமெல்லாம் பட்டுப்போனபோது தாத்தா நிறைய இழந்தார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அப்பத்தா பேசியதை போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். நடுவில் சித்தப்பா வந்து திருத்தப் பார்த்தார், "நீ அப்ப பொறக்கவே இல்லடா" என்று ஒரே போடு.

பேரேடு ஐயா, நீங்கள் சொன்னபடி பெயர்களைத்தான் எடுத்தேன். காபிக்குத் தனி நோட்டு தொண்ணூறுகளில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் காபி என்ற சொல்லே அபூர்வம், ஆனால் ‘போர்டு பணம் வந்ததும்’ என்று எழுதி நிறையப் பேருக்குச் சின்னச் சின்னத் தொகை கொடுத்திருக்கிறார். அது என்ன? மகமைப் பக்கமும் இருக்கிறது. தாருக்கு இவ்வளவு என்று விவசாயி பட்டியலில் பிடித்ததுதான். சித்தப்பாவிடம் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது. பிறகு அவரே, "அப்ப மலைக்காரங்க கொடுத்ததும் சேர்ந்ததுன்னு போடு" என்றார்.

சுமைக்காரர் ஒருவரைப் பார்த்தேன், இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. தாத்தா தாரின் அடிச்சீப்பை மட்டும்தான் பார்ப்பாராம். மேல் சீப்பு எல்லாத் தாரிலும் அழகாக இருக்கும், தாரின் யோக்கியதை கடைசிச் சீப்பில் இருக்கிறது என்பாராம். 2001 வாக்கில் காபி விலை விழுந்தபோது மூட்டைகளை விற்காமல் வைத்திருந்து, கடைசியில் வாங்கின விலையில் பாதிக்குக் கொடுத்தார் என்பதையும் அவர்தான் சொன்னார். வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை. வத்தலக்குண்டு கடை ஏன் கைமாறியது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தக் குடும்பத்தின் பக்கமும் கிடைத்தது. நள வருஷம். பற்று, பற்று, பற்று என்று வரிசையாக இருக்கிறது, வரவுப் பக்கம் காலி. அடுத்த நோட்டில் அதே பெயரில் ‘தோட்டம் வகையில் வரவு’ என்று இருக்கிறது. அதே மாதிரி தார் வராமல் நின்றுபோன வேறு சில பெயர்களுக்குக் குறுக்கே கோடு போட்டு ‘தள்ளுபடி’ என்று எழுதியிருக்கிறார். இவர்களுக்கு மட்டும் ஏன் தள்ளவில்லை? ராம்ஸ் சார் சொன்ன வக்கீல் நோட்டீஸ் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கே அந்தப் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. நான் பார்த்த தாத்தா வேறு.

—

பேரேடு எழுதியது:

பாப்பா, அவசரப்படாதே. ‘தோட்டம் வகையில் வரவு’ என்றால் தோட்டத்தை எழுதி வாங்கிவிட்டார் என்று அர்த்தமாகாது. ஒத்தியாகவும் இருக்கலாம். கடனுக்கு ஈடாகத் தோட்டத்தை அனுபவித்துக்கொண்டு, அதில் வந்த காபியையும் மிளகையும் கடனில் கழித்துக்கொண்டே வருவது. அப்படியென்றால் வரவு ஒரே தொகையாக இருக்காது, பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும், காபி கார்த்திகையிலிருந்து தை வரை, மிளகு அதற்கு அப்புறம். விலைக்கு வாங்கியிருந்தால் ஒரே வரியில் பெரிய தொகை விழுந்து கணக்கு முடிந்திருக்கும். மாதத்தைப் பார். ஒத்தி என்றால் அடுத்து பார்க்க வேண்டியது கடன் தீர்ந்ததும் தோட்டம் திரும்பிப் போனதா என்பது. சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும், தீர்ந்தது என்று அவர் சொல்வார், தீரவில்லை என்று இவர் சொல்வார். விவசாயி கையில் நோட்டு இருக்காது, கடைக்காரர் கையில்தான் இருக்கும், அதனால் கடைக்காரர் எழுதியதே கணக்கு என்றாகிவிடும். உன் தாத்தா நல்லவராகவே இருந்திருந்தாலும் எதிர்ப்பக்கம் அதை நம்பியிருக்க வேண்டும் என்பதில்லை.

பத்திரம் பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போடு. ஒன்றை மறக்காதே, திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது 1985இல், அதற்கு முந்தின பத்திரத்தில் எல்லாம் மதுரை மாவட்டம் என்றுதான் இருக்கும், அதைப் பார்த்து வேறு ஊர் என்று தள்ளிவிடாதே. பதிவே ஆகாமல் வெறும் கைச்சீட்டாகவும் இருக்கலாம், அப்படியென்றால் குதிரைக்காரர் தம்பி சொன்னதுதான் வழி, நேரில் போ. சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதே, அவர் அப்பாவைக் காப்பாற்றப் பேசுவார். அப்பத்தாவால் நடக்க முடியும் என்றால் அவரைக் கூட்டிக்கொண்டு போ.

‘போர்டு பணம்’ கேட்டாய். காபியை அந்தக் காலத்தில் இஷ்டத்துக்கு விற்க முடியாது. 1942 சட்டப்படி காபி போர்டின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும், அவர்கள் ஏலத்தில் விற்றுவிட்டு, தவணை தவணையாகப் பணம் அனுப்புவார்கள், ஒரு அறுவடையின் கடைசித் தவணை வந்து சேருவதற்குள் அடுத்த பழம் சிவந்துவிடும். சின்னத் தோட்டக்காரன் அதுவரை என்ன சாப்பிடுவான்? அந்த இடைவெளியில் உன் தாத்தா மாதிரி ஆட்கள் கொடுத்து வாங்கியதுதான் நீ பார்த்த சின்னத் தொகைகள். வட்டி எழுதியிருக்கிறாரா என்று பார், அதுவும் மலருக்கு வேண்டிய விஷயம். 1992லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996இல் எல்லாருக்கும் முழுசாக விட்டுவிட்டார்கள், நடுவில் 1994இல் பிரேசிலில் உறைபனி விழுந்து விலை ஏறியது. உன் தாத்தாவின் காபி நோட்டு ஏன் தொண்ணூறுகளில் திடீரென்று தடிமனாகிறது என்று இப்போது புரிகிறதா? அந்த ருசி கண்டுதான் 2001இல் மூட்டையை விற்காமல் வைத்திருந்தார், மறுபடி ஏறும் என்று. நாங்களும் அதையேதான் செய்தோம், எங்கள் முதலாளியும் அந்தக் குழியில்தான் விழுந்தார்.

அந்தப் பேரேட்டுப் பக்கத்தை இங்கே போட வேண்டாம், பெயர் இருக்கும். முன்பக்கம், பின்பக்கம், அடுத்த நோட்டின் பக்கம் மூன்றையும் வெயிலில் வைத்துப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்பு, வரவு எந்த மாதத்தில் விழுந்திருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

—

பண்ணைக்காட்டுப் பேத்தி எழுதியது:

அனுப்பியிருக்கிறேன் ஐயா. அடுத்த நோட்டில் நான்கு வரவுகள் இருக்கின்றன, மாதம் எனக்குச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை, ஒன்று மட்டும் மார்கழி மாதிரி தெரிகிறது. பொங்கலுக்கு முன்னால் அப்பத்தாவோடு மேலே போகிறேன், ஜீப்புக்குச் சொல்லிவிட்டேன்.